ஒவ்வொரு கடுகுக்கும் ஒரு கேள்வி

ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் சர்வர் என்ற பெரிய கணினி வைத்ததுதான் சட்டம். அவருடைய கோப்புகளையெல்லாம் நகல் வாங்கி வைப்பது பேக்கப் பெட்டியின் வேலை. காலையில் தொடங்கினால் பொழுது சாய்ந்தாலும் முடியாது. "பெட்டி மந்தம்" என்று சர்வர் புகார் சொல்ல, புதுப் பெட்டி ஒன்று அட்டைக்குள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பேக்கப் பெட்டி அதைப் பார்த்தது. நாம் எங்கே தப்பு செய்கிறோம் என்று அன்று கூர்ந்து கவனித்தது. சர்வர் கடுகளவு கோப்பு ஒன்றை அனுப்பினார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு ஐயா."

அடுத்த கடுகு வந்தது. மறுபடியும் "வந்துச்சா?" கேட்டும் பதில் சொல்லியுமே பாதிப் பொழுது போனது.

"ஐயா, கடுகை யாராவது ஒவ்வொண்ணா எண்ணிக் குடுப்பாங்களா? மூட்டையாக் கட்டி அனுப்புங்க. கடைசியில ஒரே தடவை கேளுங்க."

"ஒண்ணு சிந்தினாலும் உன் தலைதான் உருளும்" என்றார் சர்வர்.

"உருளட்டும்."

மூட்டைகள் மளமளவென்று வந்து விழுந்தன. பெட்டி ஏந்தி ஏந்தி அடுக்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. வாசலில் இருந்த புதுப் பெட்டி பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பியது.

"எல்லாம் வந்துச்சா?" என்றார் சர்வர்.

"வந்து, அடுக்கி, பூட்டியும் ஆச்சு" என்றது பெட்டி. "நீங்கதான் ஐயா மந்தம்."