டுரியான் தியானம்

“போச்சாண்ணே?”

“இன்னும் இல்ல. கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு.”

ஐயாசாமி கண்ணைத் திறக்கவில்லை. பாசிர் கூடாங்கில் ஷிஃப்டு முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் வேலுவின் டுரியான் கடையில் சம்மணமிட்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணமிடுவதே பாதி முக்தி. எதிரே, வேலு மாதிரிக்குப் பிளந்து வைத்த பழம். மஞ்சள் சுளைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஞாயிறுதோறும் அவர் போகும் புத்த தியான வகுப்பில் சொல்லிக் கொடுத்தது இது: ஆசை வந்தால் விரட்டாதே, அதன் பின்னாலும் போகாதே, உட்கார்ந்து பார், தானே எழுந்து போய்விடும். மற்ற ஆசைகள் ஓரளவு சொன்ன பேச்சு கேட்டன. டுரியான் கேட்கவில்லை. அதற்காக இந்தக் கடையில் வந்து உட்கார்ந்து இன்று ஏழாம் நாள்.

“சுகர் பதினாலுக்கு ஏறிடுச்சு, டுரியான் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதா சொன்னீங்க. பேசாம வேற ரோட்டுல வீட்டுக்குப் போலாம் லா.”

“ஓடுனா பின்னாடியே வரும், வேலு. சீசன் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு. இங்கயே ஜெயிச்சாதான் உண்டு.”

“முருகன் கோயில் கமிட்டில இருந்துக்கிட்டு புத்தர்கிட்ட போறீங்களே, அவரு கோவிச்சுக்க மாட்டாரா?”

“ஒரு பழத்துக்காக மலையேறுனவரு. என் கஷ்டம் அவருக்குத் தெரியாதா?”

வேலு சிரித்தபடி ஒரு சுளையை அவர் மூக்கருகே நீட்டினான். “ஒண்ணே ஒண்ணு. வீட்டுல செல்வராணி அக்காவுக்கா தெரியப் போவுது?”

“வீட்டு கேட்டுக்கு வெளியவே வாசனையில தெரிஞ்சிடும். இது என்ன பிஸ்கட்டா?”

ஐயாசாமி மூச்சை உள்ளே இழுத்தார். அது தப்பு, வாசனையும் சேர்ந்து வந்தது. மெல்ல வெளியே விட்டார். மறுபடி இழுத்தார், விட்டார்.

கண்ணைத் திறந்தார்.

“எழுந்து போயிடுச்சு.”

பழத்தை வேலுவின் பக்கம் தள்ளிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தார். வேலுவுக்கே மனம் இளகிவிட்டது.

“வருஷா வருஷம் நீங்களும் அக்காவும் இந்த மூலை மேசையில ஆளுக்குப் பாதி தின்னுவீங்க. பாவம்ணே, உங்களுக்கு இப்படி ஒரு நோவு வந்திருக்க வேணாம்.”

“எனக்கா?” ஐயாசாமி ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டார். “எனக்குச் சுகரே இல்ல லா. பதினாலு அவளுக்கு.”