நியூட்ரல் இன்ஸ்பெக்டர்

லூசியானாவில் லோரெட்டாவின் பிங்கோ கூடம் சனிக்கிழமை திறந்தாக வேண்டும். ஜெனரேட்டருக்குச் சான்றிதழ் இல்லாமல் திறக்க முடியாது. நியூட்ரல் ஒயரை இரண்டு இடத்தில் எர்த்தோடு இணைத்தது விதிமீறல் என்று இன்ஸ்பெக்டர் ஹார்லன் போன வாரமே கையெழுத்துப் போட மறுத்திருந்தார். எலக்ட்ரீஷியன் துவைட் அதைச் சரிசெய்துவிட்டு இன்று அவரை மறுபடி அழைத்திருந்தான்.

ஹார்லன் மின்விதிப் புத்தகத்தை பைபிள் போல ஏந்திக்கொண்டு, ஜெனரேட்டர் பெட்டியைச் சுற்றித் தவழ்ந்து பார்த்தார்.

"இப்ப ஒரே இடத்துலதான் இணைச்சிருக்க. இந்த வட்டாரத்துலயே இவ்வளவு பாதுகாப்பான ஜெனரேட்டர் கிடையாதுப்பா."

"ஓட்டிக் காட்டணுமா சார்?" துவைட் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தபடி கேட்டான்.

"எனக்கெதுக்கு? என் வேலை நியூட்ரல்."

அவர் கையெழுத்துப் போட்டுக் காரேறியதும் லோரெட்டா மெல்லக் கேட்டாள்: "ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போன ஜெனரேட்டர் என்ஜின் எப்பப்பா வரும்?"

"அடுத்த மாசம்தான்க்கா. அதுவரைக்கும் இதைத் தொட்டு யாருக்கும் ஷாக் அடிக்காது, நான் கேரண்டி."