படத்தில் இல்லாத மச்சம்

"மச்சம் எங்கவே?"

வாரப் பத்திரிகையை விரித்து, ஓவியர் நாறும்பூநாதனின் மூக்குக்கு நேரே நீட்டினார் தில்லைநாயகம். தென்காசியில் உட்கார்ந்து தொடர்கதை எழுதி மெட்ராஸ் வரைக்கும் பேர் வாங்கியவர். அந்தப் பேர் தலைக்கு ஏறியும் நாளாகிவிட்டது.

"மேலுதட்டுல மச்சம், கண்ணுல கண்ணாடின்னு நான் எழுதியிருக்கேன். நீரு ரெண்டும் இல்லாம, சுருட்டை முடியோட எவளையோ போட்டு வச்சிருக்கீரு. தொடங்கின நாள்லேருந்து இதே கூத்து! கதையைப் படிக்கீரா, இல்ல தூங்கிக்கிட்டே வரையுதீரா?"

அடுப்படி வாசலில் நின்ற முத்துவடிவுக்கு, எழுத்தாளர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆனாலும் புருஷனை விட்டுக்கொடுக்க முடியாதே!

"கண்ணு முன்ன மாதிரி இல்ல அண்ணாச்சி. மறதியும் சேந்துட்டு" என்றார் நாறும்பூநாதன்.

"பத்திரிகை ஆசிரியரு மெட்ராஸ்லேருந்து ட்ரங்கால் போட்டு என்னையல்லா கேக்காரு! இந்த வாரப் படத்துல மச்சமும் கண்ணாடியும் இருக்கணும். இல்லன்னா மெட்ராஸ்லயே வேற ஆளை வச்சுக்கிடச் சொல்லிருவேன். அம்புட்டுதான்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முத்துவடிவுக்கு அலுத்துவிட்டது. போன வருஷம் ஒரு நாடகக் குழுவுக்கு அரண்மனையும் காடுமாக இராப்பகலாய்த் திரைச்சீலை வரைந்தார். குழு சங்கரன்கோவிலில் சண்டை போட்டுக் கலைந்தது. சீலை போன இடம் தெரியவில்லை. இந்த சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் போர்டு எழுதப் போய், சாரலில் நின்று காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்தார். மிஞ்சியிருப்பது இந்தத் தொடர்கதைதான். இதுவும் போனால் அடுப்பில் பூனை தூங்கும்.

"ஒரு மச்சம் வச்சா உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது? ஒரு சொட்டு மைதான?"

"அந்தப் பிள்ளை முகத்துக்கு அது வேண்டாம் வடிவு."

"கதையில வாற பிள்ளைக்கு வேணும் வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு? எழுதினவருக்குத் தெரியாதா?"

அவர் இந்த வாரப் படத்துக்குக் கடைசிக் கோடு போட்டுப் பிரஷைக் கழுவி வைத்தார். இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான். பேசவேண்டிய இடத்தில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடுவார்.

"தலையைத் தூக்க முடியல. இன்னைக்குத் தபால் போயாகணும். காஞ்சதும் கவர்ல போட்டு, நீயே போஸ்டாபீஸ்ல ரிஜிஸ்தர் பண்ணிரு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

பலகையில் படம் காய்ந்துகொண்டிருந்தது. குற்றாலச் சாரல், ஒரு லாட்ஜ் வாசல், கதாநாயகி எவனோ ஒருவனோடு ஒட்டி நிற்கிறாள். எழுத்துக் கூட்டிக் கதை படிக்கிற பொறுமை முத்துவடிவுக்குக் கிடையாது. பார்த்தால் கேடுகெட்ட கதையாகத்தான் தெரிந்தது. என்ன செய்ய, சோறு போடுகிற கதை!

அவர் குறட்டை விடும்வரை காத்திருந்தாள். பிரஷை எடுத்தாள். மார்கழி முழுக்கப் புள்ளிக்கோலம் போடுகிற கைக்கு இரண்டு வட்டமும் ஒரு புள்ளியும் பெரிய காரியமா? அவளே மெச்சிக்கொள்ளும்படி அமைந்துவிட்டது. கவரை ஒட்டிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் அவர் பிழைப்பைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் கிளம்பினாள்.

போஸ்டாபீஸுக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை. கம்பிக்குப் பின்னால் குனிந்து எழுதிக்கொண்டிருந்த பெண் கவரை வாங்கி விலாசத்தைப் பார்த்தாள்.

"தொடர்கதைப் படமா? சார் வரலியா?"

"காய்ச்சல்மா. நான் அவுக வீட்டுக்காரி."

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் கண்ணாடி. மேலுதட்டில் மச்சம்.

முத்துவடிவு கம்பியோடு ஒட்டி நின்று அந்த முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, என் பேரு நீலா. சாருக்குக் கோடிப் புண்ணியம்னு சொல்லுங்க. அந்த எழுத்தாளரை ஒரு தடவை, 'வரிசையில வாங்க'ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் இந்தக் கதை வருது. என் கண்ணாடி, என் மச்சம், அடுத்தவ புருஷன்கூட லாட்ஜுக்குப் போறேன்னு... ஆவணியில எனக்குக் கல்யாணம்க்கா. மாப்பிள்ளை வீட்டுல வாராவாரம் இந்தப் பத்திரிகை வாங்குதாங்க."

"அய்யோ! அவுக ஒண்ணும் சொல்லலியே?"

"படத்தைப் பாத்துட்டு, யாரோ சுருட்டை முடிக்காரின்னு விட்டுட்டாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துது."

"இவுககிட்ட நீ கேட்டுக்கிட்டியாம்மா?"

"நான் ஒண்ணுமே கேக்கலக்கா. முத வாரம் கவரை நீட்டினாரு. என் முகத்தைப் பாத்தாரு. அப்படியே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள்தான் வேற படம் கொண்டாந்தாரு."

சொல்லிக்கொண்டே நீலா கவரில் குத்துவதற்கு முத்திரையைத் தூக்கினாள். முத்துவடிவு கம்பிக்குள் கையை விட்டுக் கவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கொடுத்துரு தாயி."

"ஏன்க்கா? தபால் பையைக் கட்டப் போறாங்க. இன்னைக்கு விட்டா இந்த வாரம் படம் வராதே!"

"வராட்டா போவுது" என்றாள் முத்துவடிவு.