மிச்சமிருந்த பெட்ரோல் வில்லை

பழங்கால இரட்டைச் சிறகு விமானங்களை வைத்து ஆடும் பலகை ஆட்டம் அது. போட்டி ஆட்டத்தில் நீல விமானத்தை வீழ்த்தி வீழ்த்தியே பேர் வாங்கியது சிவப்பு விமானம். இன்றைக்குப் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கூட்டு ஆட்டம், இரண்டும் சேர்ந்து கடலைத் தாண்டியாக வேண்டும்.

கரைக்கு ஒரே கட்டம் இருக்கும்போது புயல் பிடித்துக்கொண்டது. சிவப்பிடம் இரண்டு பெட்ரோல் வில்லைகள் இருந்தன. இறங்க ஒன்று போதும். நீலத்திடம் ஒன்றுகூட இல்லை.

"அண்ணே, ஒண்ணு குடுங்க! விழுந்துடுவேன்!"

சிவப்பு கணக்குப் போட்டது. கொடுத்ததும் முந்திக்கொண்டு போய்விட்டால்?

"நேத்து மேகத்துல ஒளிஞ்சிருந்துதானே என் வாலைச் சுட்டே?"

"அது நேத்து ஆட்டம் அண்ணே!"

சிவப்பு வில்லையைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு கரையில் போய் இறங்கியது. பின்னால் நீலம் கடலில் விழுந்தது. முதலில் வந்துவிட்ட பெருமையில் சிவப்பு நிமிர்ந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. "தோத்துட்டோம்" என்று ஆட்டக்காரர்கள் இரண்டையும் பெட்டிக்குள் போட்டார்கள்.

மூடி விழுந்ததும் நீலம் சொன்னது:

"நாளைக்குத் தனி ஆட்டமாம் அண்ணே. எதிரியும் கிடையாது, கூட்டாளியும் கிடையாது. உங்களுக்கு ரொம்பத் தோதா இருக்கும்."