இரவல் பேடில்

"டாக்டரம்மா, இன்னிக்கும் கொஞ்சம் தர்றீங்களா?"

பல் டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்போதுதான் பையிலிருந்து பேடிலை எடுத்து அதன் ரப்பர் வாரில் விரலை நுழைத்திருந்தாள். கைக்கு ஒன்றாக உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு நீந்தும் பிளாஸ்டிக் தட்டு அது. கடையில் இருந்ததிலேயே பெரிய சைஸ்.

கேட்டவர் நீச்சல் குளத்தில் பக்கத்து லேன்காரர். முழுக்கை நீச்சல் சட்டை, வாயெல்லாம் சிரிப்பு.

"சும்மா வேணாம். அடமானமா இதை வச்சுக்குங்க" என்று தன் மூச்சுக்குழாயை நீட்டினார். முகத்தைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே மூச்சு விட உதவும் வளைந்த குழாய்.

வயதில் மூத்தவர். இல்லையென்று சொல்ல நா எழவில்லை. கொடுத்துத் தொலைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"மனுஷன் கார்ல வந்து இறங்கறார். ஒரு பேடில் வாங்க மனசு வராதாங்க? தினமும் இரவல்!"

"நாளைக்கு நீச்சல் டிரஸ்ஸைக் கேக்காம இருந்தா சரி" என்றான் சட்டையை இஸ்திரி போட்டபடி.

"சிரிக்காதீங்க. அடுத்த மாசம் போட்டி. கை பலமாகணும்னுதான் பெரிசா வாங்கினேன். அந்தக் கோச் வேற, 'சின்னது போதும் மேடம், முதல்ல கை போற வழி சரியாகட்டும்'னு ஒரே நச்சரிப்பு. நான் என்ன எல்.கே.ஜி.யான்னு கேட்டுட்டேன்."

"தோள் வலின்னியே, அது?"

"அது தலையணையால வந்தது."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். அடுத்தவர் வாய்க்குள் கையை நீட்டிப் பிடித்தே பிழைக்கிறவள். தோள் போனால் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். அன்றைக்கே புதுத் தலையணை வாங்கினாள்.

இரவல் தொடர்ந்தது. வேறு வழியில்லாமல் அடமானக் குழாயை மாட்டிக்கொண்டு நீந்தினாள். மூச்சுக்காகத் தலையைத் திருப்பும் வேலை இல்லாததால், தன் கைகள் தண்ணீருக்குள் செய்யும் கூத்தை முதல்முறையாகப் பார்த்தாள். வலது கை நேராகப் போகாமல் இடது பக்கம் போய் விழுந்துகொண்டிருந்தது. அட, இதைத்தான் கோச் சொன்னாரா? கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டாள்.

தோள் வலி போன இடம் தெரியவில்லை. கிளினிக்குக்கு வந்தவர்களிடமெல்லாம் புதுத் தலையணையின் புகழ் பாடினாள்.

ஆனால் இரவல்காரர் விஷயம் மட்டும் மண்டையைக் குடைந்தது. அவ்வளவு பெரிய பேடில் போட்டால் தண்ணீர் சளார் சளார் என்று அடிக்க வேண்டுமே? மனிதர் சத்தமே இல்லாமல் போய்வருகிறாரே?

ஒருநாள் நீந்திக்கொண்டே தண்ணீருக்குள் பக்கத்து லேனை எட்டிப் பார்த்தாள். அவர் இரண்டு கையும் வெறுங்கை!

கரையேறித் தேடினாள். அவருடைய டவலுக்கு அடியில் பேடில் இரண்டும் பத்திரமாக இருந்தன. சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

அப்படியா சங்கதி! அவர் கரைக்கு வரும்வரை காத்திருந்தாள்.

"சார், என்னுதை வாங்கி ஒளிச்சு வைக்கிறீங்களே, போட்டியில நான் ஜெயிச்சுடக் கூடாதுன்னா? உங்க வீட்டம்மாவும் அதுல இருக்காங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு கழுத்து ஜிப்பை இறக்கித் தோளைக் காட்டினார். நீளமான தையல் தழும்பு.

"ஆபரேஷன்மா. ரொம்ப நாள் தண்ணியிலேயே இறங்க முடியல. இனிமே பேடிலைத் தொடவே கூடாதுன்னுட்டாங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "போடவே கூடாதுன்னா, எதுக்கு சார் தினமும் கேட்டு வாங்கினீங்க?"

"நானும் உங்களை மாதிரி பெரிசுதான் போட்டேன். நீங்க ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் தோளைத் தேய்ச்சுக்கிட்டு நின்னீங்க. எடுத்துச் சொன்ன கோச்சைக் கடிச்சு வச்சீங்க. நான் சொன்னா மட்டும் கேட்டிருப்பீங்களா?"

டவலை விலக்கிப் பேடில்களை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அதான், இது என்கிட்ட இருக்குற வரைக்குமாவது உங்க தோள் பொழைக்கட்டுமேன்னு வாங்கி வச்சேன்!"