வானவில் தின்ற கழுதை

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் கொட்டட்டும்.

பழைய கார்ட்டூனை நிஜ நடிகர்களை வைத்து எடுத்த படம் முடிந்து வெளியே வந்ததும், நாற்பது வயதுத் தம்பி அக்காவிடம் புலம்பினான்.

"என்னக்கா இது, வெறும் புல்லைத் தின்னுட்டு விக்கல் எடுக்குது! கார்ட்டூன்ல கழுதை வானவில்லை மேஞ்சுட்டு ஏழு கலர்ல விக்கல் எடுக்குமே!"

"கஞ்சப்பசங்க, கலரைக் குறைச்சுட்டானுங்கடா."

"சின்ன வயசுல நான் காலொடிஞ்சு கிடந்தப்போ, நீ பக்கத்து வீட்டு டிவியில பார்த்துட்டு வந்து தினமும் சொல்லுவியே. ஒரு தடவையாவது அதைக் கண்ணால பார்த்துடணும்னு இருந்தேன்க்கா."

"கண்ணைத் தொடைடா, ஜனங்க பார்க்குது."

"இன்னொரு தடவை சொல்லேன்."

பஸ் வரும்வரை அக்கா சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. மூடிய கதவுக்கு வெளியே அவளுக்குக் கேட்டது விக்கல் சத்தம் மட்டும்தான்.