மூண்டாவது பெட்டி

என்ரை மனுசன் அருள்நாயகம் பல்லு டொக்டரின்ரை கதிரையிலை சாஞ்சு கிடந்து முகட்டைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

டொக்டர் அட்சயா இஞ்சை பிறந்த பிள்ளை. அவவின்ரை இங்கிலிஷுக்கும் இவருக்கும் நடுவிலை நான்தான் மொழிபெயர்ப்பு.

பகிடியைப் பாருங்கோவன். என்னோடை நேரை ஒரு சொல்லுக் கதைச்சு ரெண்டு வருசமாச்சு. தேத்தண்ணி வேணுமெண்டாலும் சுவரைப் பாத்துத்தான் கேப்பார். அதுக்கு முந்தி முப்பது வருசம், எதுக்கெடுத்தாலும் "இஞ்சாரும், இஞ்சாரும்" எண்டு கூப்பிட்ட ஆள்.

பல்லுக் கழட்டின இடத்திலை தாடை எலும்பு கரைஞ்சு போச்சுதாம். எலும்புத்தூள் வைச்சு மூடினால் அதுக்குள்ளாலை இவற்றை எலும்பு வளருமாம். வளர்ந்தாப் பிறகுதான் புதுப் பல்லுக் கட்டலாம்.

தூள் மூண்டு வகை. மாட்டெலும்பு ஒண்டு. லாப்பிலை செய்யிறது ஒண்டு, எங்கடை ஆக்கள் கூடுதலா அதைத்தான் கேக்கிறவையாம். மற்றது, செத்துப்போன ஆக்களிட்டை இருந்து தானமா வாங்கின எலும்பு. எது வேணுமோ அந்தப் பெட்டிக்குள்ளை சரி போட்டு, கீழை அவர் ஒரு கையெழுத்து, சாட்சி ஒரு கையெழுத்து.

நான் இவருக்குத் தமிழிலை ரெண்டைத்தான் சொன்னன். மூண்டாவது வாயிலை வரேல்லை.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, எங்கடை மகன் துவாரகன் 401 ஹைவேயிலை கார் அடிபட்டுச் செத்த அண்டைக்கு இவர் லொறி ஓடிக்கொண்டு எங்கையோ தூர வின்னிபெக்கிலை நிண்டவர். போன் கிடைக்கேல்லை. பிள்ளையின்ரை எலும்பு நாலு பேருக்கு உதவும் எண்டு ஆஸ்பத்திரியிலை கேட்டினம். பாத்துக்கொண்டிருக்க நேரமில்லை. நான் தனியச் சைன் வைச்சன்.

எரிச்சாப் பிறகு காடாத்துச் சடங்குக்குத் தந்த பெட்டிக்குள்ளை வெறும் சாம்பல். பொறுக்கி எடுக்க ஒரு துண்டு எலும்பில்லை. இந்த நாட்டிலை எல்லாருக்கும் அரைச்சுத்தான் குடுக்கிறவை எண்டு எத்தினை தரம் சொன்னன். மனுசன் நம்பேல்லை. எலும்பைத் தானம் குடுத்து நான்தான் பிள்ளையை ஒண்டுமில்லாமல் ஆக்கிப்போட்டன் எண்டு நினைச்சார். அண்டையோடை கதை நிண்டது.

ஆரோ ஒருத்தரின்ரை முழங்காலிலை பிள்ளை நடந்து திரியிறான் எண்டு நான் நினைச்சுக்கொள்ளுவன். அதை வாய்விட்டுச் சொல்ல வீட்டிலை ஆள் இல்லை. இப்ப இந்தக் கதையை எடுத்தால் மனுசன் வீட்டை விட்டே போயிடுமோ எண்டு பயந்தன்.

அவர் எழும்பி இருந்து பேப்பரை வாங்கினார். றோட்டுப் பலகை வாசிக்கிற இங்கிலிஷ்தான். ஆனால் எண்ணத் தெரியுமே. மூண்டாவது பெட்டியிலை விரலை வைச்சுக்கொண்டு டொக்டரைப் பாத்தார்.

"டோனர், அங்கிள். செத்த ஆக்கள் குடுத்தது" எண்டு தனக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தமிழிலை அவ சொல்லிப்போட்டா.



அவர் விரலை எடுக்காமல், உதை வைச்சால் எவ்வளவு காலத்திலை தன்ரை எலும்பாகும் எண்டு கேட்டார். ஆறு மாதமளவிலை எண்டா டொக்டர்.

பேனையை எடுத்தார். மூண்டாவது பெட்டிக்குள்ளை சரி போட்டார். கையெழுத்து வைச்சார். சாட்சியின்ரை இடம் வெறுமையாக் கிடந்தது. பேப்பரை என்ரை பக்கம் தள்ளினார்.

"இஞ்சாரும்," எண்டார். "அண்டைக்கு நீர் தனிய வைச்சனீர். இண்டைக்கு ரெண்டு பேரும் வைப்பம்."